ஆணுறை 98 சதவீதமா, 87-ஆ, 80-ஆ? எந்த எண்ணை அச்சில் போடுவது?

பிழைதிருத்தி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் பிழைப்பு. மருத்துவமோ புள்ளியியலோ படித்தவள் இல்லை. பாலியல் நலம் பற்றிய எட்டுப் பக்கக் கையேடு ஒன்று இப்போது என் மேசையில் கிடக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஆணுறை 98 சதவீதம் பலன் தரும் என்று இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் அதுவே 87 ஆகிவிட்டது. ஆறாம் பக்கத்தில் எச்.ஐ.வி. பற்றிப் பேசும்போது 80. அதே பக்கத்தின் அடியில், கருப்பை வாய்ப் புற்றுநோயை வரவழைக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸுக்கு 70. எங்கேயும் ஒரு வரி விளக்கம் கிடையாது. எழுதியவரிடம் கேட்டால், "நாலுமே சரிதான், அப்படியே போடுங்க" என்கிறார்.

எனக்குக் கை வரவில்லை. ஒரே கையேட்டில் ஒரே பொருளுக்கு நான்கு எண் இருந்தால், படிப்பவர் நான்கையும் நம்ப மாட்டார்.

போன வாரம் என் தோழியிடம் அந்த 98-ஐச் சொன்னேன். அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "வாரத்துக்கு ரெண்டு தடவை, வருஷத்துக்கு நூறு தடவை. நூத்துக்கு ரெண்டு தோத்துப்போகும்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவை நான் மாட்டிக்குவேன். அப்புறம் எதுக்குடி இது?" என்றாள். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது. எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆகவே கேள்விகள்: அவள் கணக்கு சரியா? நான்கில் எது உண்மை? எல்லாவற்றுக்கும் மேலாக, இதை எப்படித்தான் அளக்கிறார்கள்? படுக்கையறையில் யாரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க முடியாதே!


பகுதி_எண் பதில்:

பதினோரு வருடமாக இந்த மாதிரி ஆய்வுகளின் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் நான்கு எண்களின் சண்டை முழுவதும் பகுதியில்தான் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே எதைப் போட்டு வகுத்தார்கள் என்று கையேட்டை எழுதியவர் சொல்லவில்லை.

முதலில் உங்கள் தோழி. அவர் பகுதியில் போட்டது உறவின் எண்ணிக்கை. 98-க்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகள் போட்டது ஜோடிகளை, அதுவும் ஓர் ஆண்டுக்கு. ஆணுறையை ஒவ்வொரு முறையும் பிசகாமல் பயன்படுத்தும் 100 ஜோடிகளை எடுத்துக்கொண்டால், முதல் ஆண்டில் சுமார் 2 ஜோடிகளுக்குக் கர்ப்பம் உண்டாகும். தோழியின் கணக்குப்படி வாரம் இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 100 ஜோடிகளும் சேர்ந்து ஆண்டில் பத்தாயிரம் முறைக்கு மேல் உறவு கொண்டிருப்பார்கள். அத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டு கர்ப்பம்.

ஆனால் இதிலிருந்து "பத்தாயிரத்துக்கு ரெண்டுதான் தோற்கும்" என்று எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். ஆணுறை கிழிந்த நாளில் எல்லாம் கர்ப்பம் வருவதில்லை. கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்த்து, ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் ஆறு நாள்தான் கருத்தரிக்க வழி. மற்ற நாளில் கிழிந்தால் அது கர்ப்பக் கணக்கில் வராது. ஆக, கர்ப்பத்தை எண்ணினால் ரப்பரின் தோல்வியில் ஒரு பகுதிதான் கண்ணில் படும்.

இன்னொரு வேடிக்கை. எதுவுமே பயன்படுத்தாத 100 ஜோடிகளில் ஓராண்டில் சுமார் 85 பேருக்குக் கர்ப்பம் உண்டாகிறது. 100-லிருந்து தோல்வியைக் கழித்து "பலன்" என்று சொல்வதானால், எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதற்கும் 15 சதவீதப் பலன் உண்டு என்று அச்சடிக்க வேண்டிவரும்! அதனால் "98 சதவீதம்" என்ற சொற்றொடரே எனக்குப் பிடிக்காது. 85, 13, 2 என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யாருக்கும் புரியும்.

அந்த 13-தான் உங்கள் ஐந்தாம் பக்கத்தின் 87. இது "இயல்பான பயன்பாடு". ஆணுறைதான் எங்கள் முறை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அலமாரியிலேயே விட்டுவிட்டவர்களும் இதில் அடக்கம். அமெரிக்காவில் குடும்ப வளர்ச்சி பற்றி நடக்கும் தேசிய சர்வேயிலிருந்து வந்த எண் இது. பெண்களிடம் பழைய மாதங்களை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்கிறார்கள். கருக்கலைப்பைப் பலர் சொல்வதில்லை என்பதால் அதற்கும் ஒரு திருத்தம் போடுகிறார்கள். 2011-ல் கருத்தடை ஆய்வாளர் ஜேம்ஸ் ட்ரஸல் வெளியிட்ட அட்டவணையில் இதே எண் 18. 2018-ல் வந்த அட்டவணையில் 13. நடுவில் ரப்பர் ஒன்றும் திடீரென்று வலுவாகிவிடவில்லை. சர்வே மாறியது, பதில் சொன்னவர்கள் மாறினார்கள். இந்த எண் ரப்பரைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

அளப்பது எப்படி என்று கேட்டீர்கள். 1933-ல் ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு குறியீடு கொடுத்தார். கர்ப்பங்களின் எண்ணிக்கையை 1200-ஆல் (100 ஜோடி, 12 மாதம்) பெருக்கி, எல்லோரும் சேர்ந்து அந்த முறையைப் பயன்படுத்திய மாதங்களால் வகுப்பது. ரொம்ப எளிது, அதுதான் அதன் கோளாறும். சீக்கிரம் கருத்தரிக்கக்கூடியவர்கள், அசட்டையாக இருப்பவர்கள் எல்லாம் முதல் சில மாதங்களிலேயே கர்ப்பமாகி ஆய்வைவிட்டுப் போய்விடுவார்கள். மிஞ்சுபவர்கள் கருத்தரிப்பது கடினமானவர்கள், அல்லது ரொம்பக் கவனமானவர்கள். ஆய்வை நீட்டிக்கொண்டே போனால் குறியீடு தானாக இறங்கும். அதே ஆணுறை, ஆறு மாதம் பார்த்தால் மோசம், மூன்று வருடம் பார்த்தால் அருமை. அதனால் இப்போது மாதம் மாதமாக, அந்த மாதத்தில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள், அதில் எத்தனை பேருக்குக் கர்ப்பம் என்று அட்டவணை போடுகிறார்கள்.

பிசகாத பயன்பாட்டிலும் நீண்ட நாள் ஒரு தப்பு நடந்துகொண்டிருந்தது. நானே போட்ட உதாரணம்: 100 ஜோடி, 12 மாதம், மொத்தம் 1200 மாதம். அதில் 600 மாதம் மட்டும் பிசகில்லாமல் பயன்படுத்தினார்கள், அந்த மாதங்களில் ஒரு கர்ப்பம். மேலே பிசகில்லாத மாதத்துக் கர்ப்பத்தை மட்டும் போட்டுவிட்டு, கீழே 1200-ஐயும் போட்டால் தோல்வி 1. சரியாக 600-ஐப் போட்டால் 2. பாதிக்குப் பாதி வித்தியாசம்! பகுதியில் ஒரு கை வைத்தால் போதும்.

சரி, நோய்த் தொற்றுக்கு வருவோம். இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஓர் அட்டவணை போட்டேன். ஆணுறை பயன்படுத்துபவர்களிடம் தொற்று அதிகம், பயன்படுத்தாதவர்களிடம் குறைவு. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அதே விடைதான். உலகத்தையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு என்று வேர்த்து விறுவிறுத்துப்போய் எங்கள் குழுத் தலைவரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. "யாரோட இருக்கும்போது போட்டுக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பிப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். பல வருடமாக ஒரே துணையோடு இருப்பவர்கள் ஆணுறையை விட்டுவிட்டிருந்தார்கள். புதுத் துணை, முன்பின் தெரியாத துணை என்றால் போட்டுக்கொண்டார்கள். ஆபத்து அதிகமான இடத்தில்தான் அது இருக்கிறது. குடை பிடித்தவர்கள் எல்லோரும் கொஞ்சமாவது நனைந்திருக்கிறார்கள், வீட்டில் இருந்தவர்கள் நனையவில்லை, ஆகவே குடைதான் நனைக்கிறது என்று நான் எழுதியிருந்தேன்.

துணைக்கு நோயே இல்லையென்றால் ஆணுறை போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். அவர்களையும் கணக்கில் சேர்த்தால் பலன் மங்கிக் காட்டும். கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டு பால்வினை நோய்கள் பற்றி 2004-ல் வந்த ஓர் ஆய்வில், துணைக்கு நோய் இருந்தது உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டும் தனியாக எடுத்தார்கள். அங்கே பலன் பளிச்சென்று தெரிந்தது. மற்றவர்களிடம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் தெரிந்தது.

எச்.ஐ.வி.க்கான 80 இந்த வழியில் வந்ததுதான். ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எப்போதும் பயன்படுத்துகிறோம் என்றவர்களிடம், 100 பேரை ஓராண்டு கவனித்தால் 1.14 புதிய தொற்று. ஒருபோதும் பயன்படுத்தாதவர்களிடம் 5.75. வகுத்துப் பாருங்கள், 80 சதவீதம் குறைவு. "அப்போ மிச்சம் 20 பேருக்கு வந்துவிடுமா?" என்று கேட்காத ஆளே இல்லை. வராது. 5.75 இருந்த இடத்தில் 1.14 ஆகிறது, அவ்வளவுதான். 1993-ல் இதே மாதிரி ஒரு தொகுப்பு 69 சதவீதம் என்றது. எப்போதாவது பயன்படுத்துபவர்களையும் பயன்படுத்துபவர்கள் கூட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள், அதனால் வந்த வினை.

1994-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று இன்னும் கறாரானது. ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய 124 ஜோடிகள், ஏறக்குறைய 15,000 உறவு. ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதையும் அந்த 80-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: 80-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பெரும்பங்கு ரப்பரின் ஓட்டை இல்லை, "எப்போதும்" என்ற சொல்லின் ஓட்டை.

எச்.பி.வி.யின் 70: 2006-ல் வந்த ஆய்வு, 82 பல்கலைக்கழக மாணவிகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணினியில் நாட்குறிப்பு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. துணை எப்போதும் ஆணுறை போட்டவர்களிடம் 100 பேருக்கு ஆண்டுக்கு 37.8 தொற்று, கிட்டத்தட்ட போடவே போடாதவர்களிடம் 89.3. நேரே வகுத்தால் 58 சதவீதம்தான் குறைவு. மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு 70 ஆனது. இந்த வைரஸ் தோலிலிருந்து தோலுக்குப் போவது, ஆணுறை மூடாத தோலும் இருக்கிறது. பிறப்புறுப்பில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் இன்னும் விசித்திரம். 2016-ல் வந்த கணக்குப்படி, ஓர் உறவுக்கு ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பரவும் வாய்ப்பை ஆணுறை 96 சதவீதம் குறைக்கிறது. பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்றால் 65 சதவீதம்தான். பொருள் ஒன்று, நோய் ஒன்று, திசை மாறினால் எண் மாறுகிறது.


கேட்டவள் பதில்:

பகுதி_எண் சொன்ன டேட்டா எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். ஒன்பது வருடம் வினாத்தாளோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

வினாத்தாளில் "எப்போதும் / சில சமயம் / ஒருபோதும் இல்லை" என்று மூன்று கட்டம் இருக்கும். ஒரு பெண் "எப்போதும்" என்றார். டிக் போட்டேன். அடுத்த கேள்விக்குப் போக வாயைத் திறந்தபோது, அவரே தொடர்ந்தார்: "எப்பவும்தான். அவர் குடிச்சிட்டு வர்ற நாளைத் தவிர." பேனா அப்படியே நின்றது. அந்த டிக்கை அடித்துவிட்டு "சில சமயம்" போட்டேன். அவர் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால்? எத்தனை பேர் சொல்லாமல் விட்டிருப்பார்கள்? அவர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அவர் மனதில் அந்த நாட்கள் கணக்கிலேயே வராத நாட்கள்.

"பயன்படுத்தினீர்களா?" என்ற சொல்லே வழுக்கும். பாதியில் எடுத்துப் போட்டுக்கொண்டால் பயன்படுத்தியதாகுமா? கேட்கப்பட்டவர் ஆகும் என்பார். கிருமியைக் கேட்டால் ஆகாது என்னும். அமெரிக்காவில் 158 கல்லூரி ஆண்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2002-ல் வந்தது. அதில் 43 சதவீதம் பேர், உறவு தொடங்கிய பிறகு போட்டுக்கொண்டது உண்டு என்றார்கள். 15 சதவீதம் பேர் முடியுமுன்பே கழற்றியது உண்டு. 30 சதவீதம் பேர் தலைகீழாக வைத்துவிட்டுத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் சாதாரண வினாத்தாளில் "ஆம், பயன்படுத்தினேன்".

இன்னொன்று, சதவீதம் கேட்பது. ஒருவர் இரண்டு முறை உறவு கொண்டார், ஒரு முறை போட்டார், 50 சதவீதம். இன்னொருவர் நூறு முறை, தொண்ணூறு முறை போட்டார், 90 சதவீதம். தாளில் இரண்டாமவர் நல்ல பிள்ளை. ஆனால் முதலாமவர் பாதுகாப்பில்லாமல் இருந்தது ஒரு தடவை, இரண்டாமவர் பத்துத் தடவை. இதனால்தான் நான் பிறகு சேர்ந்த ஆய்வுகளில் சதவீதத்தை விட்டுவிட்டு, போடாத தடவைகளை எண்ணச் சொன்னார்கள்.

நாட்குறிப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஒருவர் கொண்டுவந்து கொடுத்த தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பதினான்கு நாள், பதினான்கு வரி, ஒரே பேனா, ஒரே சாய்வு, கடைசி நான்கு வரியில் மை தீர்ந்துபோய்க் கீறல் மட்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் எழுதியது. பேனாவையும் எங்கள் மேசையிலிருந்துதான் வாங்கிப்போயிருந்தார்.

மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று, காதில் ஹெட்போன் மாட்டி, கணினியே கேள்வியைப் படிக்க, பொத்தானை அழுத்தும்படி வைத்தார்கள். ஜிம்பாப்வேயில் 2006-07-ல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பி.எஸ்.ஏ. என்ற புரதம் விந்து நீரில் இருக்கும். உறவுக்குப் பிறகு ஓரிரு நாள் வரை பெண்ணின் உடலில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில் தெரியும். அது இருந்த 196 பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், கடந்த இரண்டு நாளில் உறவே இல்லை, அல்லது ஆணுறையோடு மட்டும்தான் என்று சொல்லியிருந்தார்கள். கணினி கேட்டவர்களுக்கும் ஆள் கேட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தப்பு என் முகத்தில் இல்லை.

அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். உறை கிழிந்தது தெரியாமல் இருந்திருக்கலாம், கழற்றும்போது சிந்தியிருக்கலாம், துணை நடுவில் கழற்றியது இவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். பஞ்சுக்குச்சிக்கு இதெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டு நாளைத் தாண்டிய கதையும் தெரியாது.


சந்தேகப்பிராணி பதில்:

ஆக எல்லா எண்ணும் மனிதர்கள் வாயால் சொன்னதை வைத்துத்தான். பேசாமல் மருந்துக்குச் செய்வது மாதிரி பாதிப் பேருக்குக் கொடு, பாதிப் பேருக்குக் கொடுக்காதே என்று ஒரு சோதனை வைத்துவிட வேண்டியதுதானே? 2001-ல் அமெரிக்க அரசு நிபுணர்கள் அறிக்கையே பல நோய்களுக்கு ஆதாரம் போதாது என்று சொன்னதாகப் படித்தேன்.


பகுதி_எண் பதில்:

"உங்கள் துணைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, குலுக்கலில் உங்களுக்கு ஆணுறை விழவில்லை, போய் வாருங்கள்" என்று யாரிடம் சொல்வீர்கள்? எந்த நெறிமுறைக் குழுவும் அந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாது.

2001 அறிக்கையை நீங்கள் பாதி படித்திருக்கிறீர்கள். எச்.ஐ.வி.க்கும், ஆண்களுக்கு வரும் கொனோரியாவுக்கும் ஆதாரம் போதும் என்றார்கள். மற்றவற்றுக்கு அதுவரை நடந்த ஆய்வுகளின் வடிவமைப்பு சரியில்லை, அதனால் முடிவு சொல்ல முடியவில்லை என்றார்கள். பலன் இல்லை என்று சொல்லவில்லை என்பதை அவர்களே அழுத்தி எழுதியிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன 2004, 2006 ஆய்வுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

குலுக்கல் முறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஓர் ஆணுறைக்கு எதிராக இன்னோர் ஆணுறை. 1999-ல் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்ததையும் லேடெக்ஸ் என்ற வழக்கமான ரப்பரில் செய்ததையும் அப்படி ஒப்பிட்டார்கள். கிழிவதும் நழுவுவதும் சேர்த்து பாலியூரிதேனுக்கு 8.5 சதவீதம், லேடெக்ஸுக்கு 1.6. ஐந்து மடங்கு! ஆனால் ஆறு சுழற்சியில் கர்ப்பம்: பாலியூரிதேன் 4.8 சதவீதம், லேடெக்ஸ் 6.3. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும், அவசரக் கருத்தடை மாத்திரை போடலாம். போடாமலே விட்டால் எதுவும் செய்வதில்லை. எதை எண்ணினால் எந்த வரிசை வருகிறது பாருங்கள்.


நீர்ச்சோதனை பதில்:

ரப்பரை யாரும் பேசவிடவில்லையே என்று நான் வந்தேன். ஆய்வகத்தில் ஆணுறை சோதிப்பதுதான் என் வேலை. எங்களிடம் யாரும் பொய் சொல்வதில்லை.

தொழிற்சாலையில் ஒவ்வோர் ஆணுறையையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் காட்டுவார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, ஊசிமுனை ஓட்டை இருந்தால் கடந்துவிடும், அது தள்ளப்படும். அதற்குப் பிறகு தொகுப்பிலிருந்து உருவியெடுத்த மாதிரிகள் எங்களுக்கு. 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்ப்போம், பிறகு வாயை முறுக்கி மை ஒற்றும் தாளில் உருட்டுவோம். தாளில் ஒரு பொட்டு ஈரம் பட்டால் தோல்வி. சர்வதேசத் தரத்தில் இதற்கான எல்லை 0.25 சதவீதம், நானூறுக்கு ஒன்று. இன்னொரு பக்கம் காற்றடிப்போம். வழக்கமான அகலம் உள்ளது 18 லிட்டர் காற்றாவது தாங்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் அந்தப் பலூன் வீங்கும்போது இரண்டடி பின்னால் போவார்கள். பிறகு எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இவ்வளவு தாங்குவது எப்படிங்க கிழியுது?" நகத்தால், பல்லால் உறையைப் பிரிப்பதால், எண்ணெய் தடவுவதால். மினரல் ஆயில் பட்டால் ஒரு நிமிடத்தில் லேடெக்ஸின் வலு பெரும்பாலும் போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சோதித்த எதையும் யாரும் பயன்படுத்துவதில்லை, எல்லாம் குப்பைக்கு. சோதிக்காததைப் பற்றித்தான் சான்றிதழ் கொடுக்கிறோம். பகுதி_எண் இதற்கும் ஒரு பகுதி கண்டுபிடிப்பார்.

ஆட்கள் பயன்படுத்தி, உறவு ஒவ்வொன்றையும் எண்ணும் சோதனையும் உண்டு. அமெரிக்காவில் ஆசனவாய் உறவுக்கென்று முதன்முதலாக ஓர் ஆணுறைக்கு 2022 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. 504 ஆண்கள், ஆண்களோடு உறவுள்ளவர்கள் பாதி, பெண்களோடு உறவுள்ளவர்கள் பாதி. கிழிதலும் நழுவுதலும் சேர்த்து ஆசனவாய் உறவில் 0.68 சதவீதம், பெண்ணுறுப்பு உறவில் 1.89. எல்லோரும் நேர்மாறாக நினைத்திருந்தார்கள். ஆசனவாய் உறவில் பெரும்பாலும் எல்லோருமே வழுவழுப்பு ஜெல் தடவியிருந்தார்கள், மற்றதில் பாதிக்கும் குறைவு. பிழைதிருத்தி, உங்கள் தோழி போட்ட மாதிரி, உறவை எண்ணி வகுக்கும் கணக்கு இதுதான்.


பிழைதிருத்தி:

எல்லோருக்கும் நன்றி. தோழியிடம் 85, 13, 2 என்று மூன்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ நான் அந்த ரெண்டுல சேர்த்தியா, பதிமூணுல சேர்த்தியா?" என்றாள். "அலமாரியைத் திறக்கிற நாளைப் பொறுத்தது" என்றேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

98, 87 இரண்டையும் தூக்கிவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"எந்தக் கருத்தடை முறையும் பயன்படுத்தாத 100 ஜோடிகளில் ஓராண்டில் சுமார் 85 பேர் கர்ப்பமாகிறார்கள். ஆணுறைதான் எங்கள் முறை என்று வைத்திருக்கும் 100 ஜோடிகளில் 13. ஒவ்வொரு முறையும் தொடக்கம் முதல் கடைசிவரை சரியாக அணிபவர்களில் 2. ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ஜோடிகளில், எப்போதும் ஆணுறை பயன்படுத்துவதாகச் சொன்னவர்களிடம் புதிய தொற்று, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட 80 சதவீதம் குறைவு."


பகுதி_எண்:

"85 பேர்" என்பதை "85 ஜோடிகளுக்குக் கர்ப்பம்" என்று மாற்றுங்கள். 100 ஜோடி என்றால் 200 பேர், யாராவது ஒரு வம்புக்காரர் கேட்பார். நானே கேட்பேன். எச்.ஐ.வி. வரியோடு இன்னொன்றும் சேருங்கள்: தொற்று உள்ளவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் வழியாகப் பரவுவதில்லை. அந்த 80, சிகிச்சை இந்த அளவுக்கு வராத காலத்து ஜோடிகளுடையது.


பிழைதிருத்தி:

இரண்டும் செய்துவிட்டேன். ஆனால் இப்போது பக்கம் நிரம்பி வழிகிறது. "சொன்னவர்களிடம்" என்பதை வெட்டிவிட்டு "பயன்படுத்துபவர்களிடம்" என்று சுருக்கினால் ஒரு வரி மிச்சமாகும் என்கிறார் எழுதியவர்.


கேட்டவள்:

வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள் அம்மா. அந்த ஒரு சொல்லில்தான் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன்.


பிழைதிருத்தி:

படத்தை அரை அங்குலம் சிறிதாக்கிவிட்டேன். சொல் இருக்கிறது.